முத்துக்கருப்பன் சட்டை களைந்த படலம்

வாழ்க வீரையா! மலைநாடெங்கும் காப்பிச் செடி வெள்ளை வெளேரெனப் பூத்து, காப்பிப் பழம் செக்கச் செவேலெனப் பழுத்து, காப்பி மூட்டை இழுத்த மாடுகள் வாயில் நுரை தள்ள நடந்த அந்தப் பொற்காலத்தில், புகைவண்டி என்னும் இரும்புப் பூதம் கண்டி மாநகரை இன்னும் எட்டிப் பாராத அந்நாளில், தோட்டத்துக் குளிரில் பல் கிட்டிப்போன ஆயிரமாயிரம் தோள்களுக்குக் கருங்கம்பளி போர்த்திய கருணைக் கையோன் (விலை வாங்கிக்கொண்டுதான் போர்த்தினான், கருணைக்கும் கடை வாடகை உண்டு), கண்டிக் கடைத்தெருவின் கம்பளி வேந்தன், மீசையால் மிகுந்தவன், தொந்தியால் முந்தியவன், வீரையா வாழ்க! இப்படிப்பட்டவன் புகழைப் பாடத் தொடங்குமுன் நாமகளை வணங்குவது மரபு. நாம் ஒரு தையற்காரனின் ஊசியை வணங்கித் தொடங்குவோம். காரணம் போகப்போகத் தெரியும்.

பகைவனின் பெருமை சொல்லாமல் வீரனின் பெருமை விளங்காது. ஆகவே பகைவனையும் வாழ்த்துவோம். பால்பல்லையே படைக்கலமாய்க் கொண்டவன், எச்சிலையே எரிகணையாய் எய்பவன், தவழ்ந்தால் பாம்பு, நடந்தால் பந்து, படுத்துக்கொண்டு உதைத்தால் எட்டு ஆள் கூடினாலும் அடக்க முடியாத காளை, அரைஞாண் கயிறு ஒன்றையே ஆடையும் அணியுமாய்ப் பூண்ட திகம்பரன், முத்துக்கருப்பன் வாழ்க! வயது இரண்டு. வீரையாவின் ஒரே மகன். அவன் அறிந்த சொற்கள் சிலவே. அவற்றுள் தலையாயது ‘மாத்தேன்’ என்பது. ஏன் மாட்டேன் என்று விளக்கும் அளவுக்கு அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

இனி, போர் மூண்ட காரணம். இந்த முத்துக்கருப்பனுக்குப் பெயர் வைத்த நாளில் வீரையா வீட்டில் ஒரு விருந்து நடந்தது. அவ்விருந்தில் தாய்மாமன் பொன்னையாவை முதல் பந்தியில் உட்காரவைக்க மறந்துபோனார்கள். கடுகண்ணாவைக் கணவாயின் தலைமாட்டில் வண்டிப்பேட்டை நடத்துபவன் பொன்னையா. கொழும்புக்கு இறங்கும் காப்பி வண்டியும் கொழும்பிலிருந்து ஏறும் அரிசி வண்டியும் அவன் வாசலில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் போனதில்லை. அத்தகையவன் கை கழுவிக்கொண்டு நிற்க, யாரோ ஒரு கடைக்காரனுக்கு இலை விழுந்தது. பொன்னையா தோள்துண்டை உதறினான். உதறிய துண்டோடு உறவையும் உதறினான். தொட்டிலில் கிடந்த பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டி ஏறினான். அதன்பின் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இதில் அடிபட்டவள் பேச்சியம்மா. வீரையாவின் மனைவி, பொன்னையாவின் தங்கை. அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை; ஊட்டி வளர்த்தது அந்த அண்ணன்தான். மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா என்று ஊர் கேட்ட கேள்வி அவளுக்குப் பெரிதல்ல. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் பெரிது. அடுப்பு ஊதும்போது அவள் கண் கலங்கினால் புகை என்று வீரையா நினைத்துக்கொள்வான். அவனுக்கும் தெரியும், அது புகை இல்லை என்று.

இப்படி இரண்டு வருஷம் கழிந்தபின், ஒரு வண்டிக்காரன் கையில் கடுகண்ணாவையிலிருந்து ஒரு துணிப்பொட்டலமும், அதோடு வாய்ச்செய்தியாக ஒரு பிரகடனமும் வந்தன.

“மருமகனுக்குச் சட்ட தச்சுக் குடுத்து விட்டிருக்கேன். இதப் போட்டுக்கிட்டு வந்தான்னா என் மடியில உக்காந்து காது குத்திக்கிடட்டும். போடாம வந்தா நான் யாரோ, நீங்க யாரோ!”

பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆகா, அச்சட்டையை எப்படிச் சொல்வது! கண்டியில் காவல் நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாயின் சிவப்பு மேலங்கியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத் தைத்த செஞ்சட்டை. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை. நெஞ்சில் வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். பேச்சியம்மா அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமன் வீட்டுப் புதுத்துணியை நல்ல நாள் பார்த்து நல்ல நேரத்தில்தான் முதன்முதல் உடுத்த வேண்டும். அதற்கு முன் பிள்ளைமேல் வைத்துப் பார்ப்பதுகூட ஆகாது. ஆகவே ஓரத்தில் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல் சாமி மாடத்தில் வைத்தார்கள். காது குத்த நாள் குறித்து வண்டிக்காரன் வாய்வழியே பொன்னையாவுக்குச் சொல்லிவிட்டார்கள்; அந்த நாள் வரும்வரை அதை யாரும் தொடவில்லை.

அந்த நாளும் விடிந்தது. கிழக்கு வெளுத்ததும் ஈரத்தலையோடு முத்துக்கருப்பன் மணையில் நிறுத்தப்பட்டான். வலக்கை உள்ளே போயிற்று. இடக்கை போக மறுத்தது. வீரையா இழுத்தான், பேச்சியம்மா தள்ளினாள், கை ‘விசுக்’கென்று நுழைந்தது. பொத்தான்கள் தத்தம் துளைகளைத் தொலைவில் கண்டு ஏங்கி நின்றன. அவற்றையும் பெருவிரலால் அழுத்திச் சேர்த்துவைத்தான் வீரையா. ஓர் ஐயம் இவ்விடத்தில் எழலாம்: துணி விற்கும் ஒருவனுக்கு ஒரு சட்டையின் அளவு தெரியாதா? தெரியாது. அவன் விற்றது கம்பளி. கம்பளிக்கு அளவு கிடையாது. ஆளைச் சுற்றி எது மிஞ்சுகிறதோ அதுதான் அளவு.

“நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறான் பாரு, ராசா மாதிரி!” என்றான் வீரையா.

பிள்ளை நிமிர்ந்து நின்றது உண்மை. குனிய முடியாமல்தான் நின்றான்.

வாசலில் ஹாஷிம் நானாவின் ஒற்றைக் காளை வண்டி காத்திருந்தது. ஓலைக் கூடாரம், உள்ளே வைக்கோல் மெத்தை, வைக்கோலின்மேல் வீரையாவின் கடைக் கம்பளி. மாமன் வீட்டுக்கு ஒரு குலை வாழைப்பழமும், வெற்றிலைக் கட்டும், சட்டி நிறைய எண்ணெய் மினுங்கும் தொதல் இனிப்பும் ஏறின. மங்கலச் சங்கு முழங்குவதற்குப் பதில் காளை ஒருமுறை சாணம் போட்டது. நல்ல சகுனம்தான் என்று பேச்சியம்மா சொன்னாள்.

முதற்போர் பேராதனைப் பாலத்தில் நடந்தது. கீழே மகாவலி கங்கை புரண்டு ஓட, மேலே மரப்பாலம் தடதடக்க, அப்பேரொலியின் மறைவில் முத்துக்கருப்பன் தன் படையை நகர்த்தினான். முதற்பொத்தான் வீழ்ந்தது. இரண்டாம் பொத்தான் வீழ்ந்தது. ஆற்றைக் காட்டி “ஆறு பாரு, ஆறு பாரு” என்று தகப்பன் தன் மகனுக்கு உலகியல் அறிவூட்டித் திரும்புவதற்குள், செஞ்சட்டை வைக்கோலில் கிடந்தது. திகம்பரன் வெற்றிப் புன்னகையோடு வாழைக்குலையின்மேல் வீற்றிருந்தான். வீரையா மீண்டும் கவசம் பூட்டினான்.

“மாத்தேன்!” என்று வானம் அதிர முழங்கினான் முத்துக்கருப்பன்.

பாலம் தாண்டியதும் தூது முறை தொடங்கியது. சாம, தான, பேத, தண்டம் என்று நான்கு வழிகளை முன்னோர் வகுத்தனர். சாமம்: “அப்பாவுக்குத் தங்கம்ல, மாமா பாப்பாங்கல்ல.” பயனில்லை. தானம்: தொதல். ஒரு துண்டு தொதலுக்கு ஒரு பொத்தான் என்று உடன்படிக்கை ஆயிற்று. பகைவன் தொதலைத் தின்றான். உடன்படிக்கையையும் சேர்த்துத் தின்றான். எண்ணெய்க் கையாலேயே பொத்தானை வழுக்கிக் கழற்றினான். பேதம்: “சட்ட போடாத புள்ளைய நரி தூக்கிட்டுப் போயிரும்.” நரி எங்கே என்று ஆவலாய் எட்டிப் பார்த்தான். தண்டம்: வீரையா கையை ஓங்கினான். பேச்சியம்மா அவனைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே மீசைக்குப் போயிற்று.

வண்டி ஓட்டிய ஹாஷிம் நானா அறிவாளி. திரும்பிப் பாராமலே ஓர் அறவுரை சொன்னார்.

“மொதலாளி, புள்ளக்கி இந்தச் சட்ட ஏதோ செய்யிது போல. இப்பக் கழட்டி வெச்சிட்டு, கடுகண்ணாவ கிட்டப் போய் போட்டாப் போறும் தானே?”

“ஒங்களுக்குத் தெரியாது நானா!” என்று கர்ச்சித்தான் வீரையா. “இந்த ரோட்டுல போற வண்டிக்காரன் அத்தன பேரும் அவரு பேட்டையிலதான் நிப்பான். புள்ள அம்மணமா வருதுன்னு சேதி, புள்ளைக்கு முன்ன போயிரும்!”

அது மெய்தான். முன்னும் பின்னும் காப்பி வண்டிகள் ஊர்ந்தன. ஒவ்வொரு கூடாரத்திலிருந்தும் ஒரு சோடிக் கண் இவர்களைப் பார்த்தது. அத்தனையும் பொன்னையாவின் ஒற்றர் படை என்றே வீரையாவுக்குத் தோன்றிற்று. பேச்சியம்மா பிள்ளையை மடியில் இழுத்துச் சட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஏங்க, கக்கத்துல கொஞ்சம்...” என்று தொடங்கினாள்.

தொடங்கியவள் முடிக்கவில்லை. அண்ணன் கொடுத்த சட்டையில் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “ஒண்ணுமில்ல, புதுத்துணி, அதான்” என்று தானே சொல்லித் தானே தலையாட்டிக்கொண்டாள்.

இப்படியே போரும் சமாதானமுமாய்ப் பிலிமத்தலாவையை அடைந்தபோது சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டான். அங்கேதான், கேட்போர் நெஞ்சு பதறும் அந்தப் பெருநிகழ்ச்சி நேர்ந்தது. எதிரே கொழும்பிலிருந்து ஏறி வந்தது அரிசி வண்டிச் சேனை. காப்பி விளையும் மலையில் நெல் விளையாது. தோட்டத்து வயிறுகள் அத்தனையும் இவ்வண்டிகளை நம்பியே பசித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி ஓலைக் கூடாரம், ஒரே மாதிரி மூட்டை, ஒரே மாதிரி தூங்கி வழியும் வண்டிக்காரன் என்று அச்சேனை இவர்களை உரசிக் கடக்கும் வேளையில், முத்துக்கருப்பன் சட்டையைக் கழற்றினான். கழற்றியதோடு நின்றானா? வைக்கோலில் போட்டால் மீண்டும் பூட்டுவார்கள் என்பதைப் பட்டறிவால் கண்டுகொண்ட அவன், அதை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கி, கூடாரத்தின் பின்வாய் வழியே, கடந்துபோகும் அரிசி வண்டி ஒன்றின்மேல் எறிந்தான். எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

“அய்யோ, எங்கண்ணன் சட்ட!” என்று பேச்சியம்மா அலறினாள்.

எழுந்தான் வீரையா! வண்டியிலிருந்து குதித்தான் என்று பாடத்தான் ஆசை. உள்ளதைச் சொன்னால், பின்பக்கமாகத் திரும்பி, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவி, நிலம் தட்டுப்பட்டபின் இறங்கினான். இறங்கியபின் ஓடினான். தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் வால்போல் நீள, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தொந்தி ஒருபுறமும் தான் ஒருபுறமுமாய், கண்டியை நோக்கி அவன் ஓடிய ஓட்டத்தை என்னென்பது! மாடுகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் நெடுந்தூரம்வரை அவனால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. காப்பி வண்டிக்காரர்கள் எழுந்து நின்று, “துவபன்! துவபன்!” என்று சிங்களத்தில் ஓடச் சொல்லி ஆரவாரித்தார்கள். யார் எதற்கு ஓடுகிறார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது; ஓடுகிறவனைக் கண்டால் உற்சாகப்படுத்துவது அவர்கள் வழக்கம்.

கடைசி வண்டியைப் பிடித்தான். அதில் சட்டை இல்லை. அடுத்ததைப் பிடித்தான். அதிலும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் ஒருவன் விழித்து, வழிப்பறிக்காரன் என்று எண்ணிச் சாட்டையால் ஒரு போடு போட்டான். வீரத்தழும்பு முதுகில் ஏற்கலாகாது என்ற பண்டை நெறியை அந்த வண்டிக்காரன் அறியான். இன்னும் சில வண்டிகள் தாண்டி, ஒரு கூடாரத்தின் உச்சியில், ஓலை நுனியில் சிக்கி, அஸ்தமன சூரியன் போல் சிவந்து ஆடியது செஞ்சட்டை. சக்கரத்தின் அச்சில் ஒரு கால், மூட்டையில் ஒரு கால், ஓலையில் ஒரு கை, ஆண்டவன்மேல் ஒரு பாரம் என்று ஏறி அதைப் பறித்தெடுத்தான் வீரையா. ஒரு பித்தளைப் பொத்தானும் அவன் தலைப்பாகையும் மட்டும் வழியில் எங்கோ வீரசொர்க்கம் எய்தியிருந்தன.

அவன் நடந்து திரும்பியபோது ஹாஷிம் நானா காளையை அவிழ்த்து மர நிழலில் கட்டியிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த காப்பி வண்டிகள் எப்போதோ முன்னே போய்விட்டன. பேச்சியம்மா அவன் முதுகில் வெற்றிலையை வாட்டி ஒற்றினாள். முத்துக்கருப்பன் தகப்பன் மடியில் ஏறி, அவன் வேர்வையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து நக்கிவிட்டு, தூங்கிப்போனான்.

உறங்குகிறவன்மேல் ஆயுதம் தொடுப்பது அறமன்று. வீரையா தொடுத்தான். கடுகண்ணாவை நெருங்கும்போது, மூச்சை அடக்கி, தகப்பன் ஒரு கையும் தாய் ஒரு கையுமாய்ப் பிடித்து, அத்தூய உறக்கத்தின்மேல் செஞ்சட்டையை ஏற்றிவிட்டார்கள். மிஞ்சிய பொத்தான் அத்தனையும் பூட்டப்பட்டன. வீரையா மீசையைத் தடவினான். வண்டிப்பேட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

பொன்னையா வாசலில் நின்றான். கையைக் கட்டியிருந்தான். உள்ளே விருந்துக்கு இலை அறுத்து வைத்திருந்தது. காது குத்தப் பத்தர் வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா இறங்கியவள் அப்படியே நின்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. வீரையாவின் தோளில் தூங்கிய பிள்ளைமேல் கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்தான். பார்த்து, கட்டிய கையை அவிழ்க்கப்போனான்.

அந்தக் கணத்தில் முத்துக்கருப்பன் விழித்தான்.

தான் வஞ்சிக்கப்பட்டதை உணர்ந்தான். உயிரோடு ஒருவனைப் பூட்டிவைக்கும் கொடுமையை எதிர்த்து, அண்டம் கிடுகிடுக்க, கணவாய்ப் பாறையில் மோதி எதிரொலிக்க, பேட்டையில் நின்ற மாடுகள் எல்லாம் தலை நிமிர, “மாத்தேன்!” என்று முழங்கி, இரு கையையும் தன் வலிமை எல்லாம் திரட்டி மேலே தூக்கினான். ‘டர்ர்ர்’ என்றது. மாமன் கொடுத்த சட்டை, மாமன் கண்முன்னே, கக்கத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

பேச்சியம்மா முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை தூரம் காத்துவந்த உறவு வாசற்படியில் போயிற்று என்று வீரையா கிழிசலைக் கையால் மூடப்பார்த்தான். பொன்னையா இறங்கி வந்தான். பிள்ளையை வாங்கினான். கிழிசல் வழியே கக்கத்தைப் பார்த்தான். அங்கே துணி அறுத்த சிவந்த கோடு ஒன்று ஓடியது. அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தான். இந்தக் கையைத் தூக்கிப் பார்த்தான். அங்கும் ஒரு கோடு.

“இம்புட்டு வளந்துட்டானா?” என்றான்.

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இரு உள்ளங்கையையும் எதிரெதிரே விரித்து, தையற்காரனிடம் காட்டிய அளவைத் தங்கைக்குக் காட்டினான். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் அளவு அது. அதற்குமேல் அவனாக ஊகித்துக் கொஞ்சம் கூட்டியிருந்தான்.

“இம்புட்டுத்தான் இருப்பான்னு நெனச்சுக்கிட்டேம்மா” என்றான். பிறகு வீரையாவின் பக்கம் திரும்பினான். “மச்சான், அரிசி வண்டிக்குப் பின்னால ஒரு ஆளு ஓடுனாருன்னு காப்பி வண்டிக்காரனுங்க வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுங்க. நீங்கதானா அது? நான் குடுத்த சட்டைக்கா அப்பிடி ஓடுனீங்க?”

கம்பளி வேந்தன், மீசையால் மிகுந்தவன், தலையை ஆட்டினான். பேச்சியம்மா ஓடிப்போய் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்து, புகை இல்லாமலே அழுதாள்.

அன்று முதல் பந்தியில் முதல் இலை யாருக்கு என்று பொன்னையாவும் வீரையாவும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்கையில், அரைஞாண் கயிறு ஒன்றையே அணிந்த திகம்பரன் அந்த இலையின்மேலேயே ஏறி உட்கார்ந்தான். பத்தர் காதைத் தொட்டபோதும் மாமன் மடியில் அவன் அத்தனை அழவில்லை. ஆக, பேராதனைப் பாலத்தில் தொடங்கி, தொதலாலும் நரியாலும் தடுக்க முடியாமல் வளர்ந்து, பிலிமத்தலாவையில் அரிசி வண்டிச் சேனையைக் கலக்கி, ஒரு தலைப்பாகையையும் ஒரு பித்தளைப் பொத்தானையும் பலிகொண்டு, கம்பளி வேந்தனின் முதுகில் சாட்டைத் தழும்பு எழுதி, கடுகண்ணாவைக் கணவாயே நடுங்க முடிந்த இம்மாபெரும் போருக்கெல்லாம் மூலகாரணம் யாதெனின், பிள்ளைக்குச் சட்டை பத்தவில்லை.